மீனுக்கு இடமில்லாத வாசல்

1. ஐப்பசி மழையில் அத்தை வீட்டுக்குள் மூன்றாவது முறையாகத் தண்ணீர் புகுந்தது. தையல் மெஷினின் மோட்டார் போனது.
2. இன்னொரு முறை புகுந்தால் திருப்பத்தூருக்குக் குடிபோய்விடுவது என்று அத்தையின் கணவர், எனக்கு மாமா, முடிவு செய்தார்.
3. ஐயா நகராட்சிக்கு இன்னொரு மனு எழுதினார்.
4. சித்தி கொத்தனாரிடம் டியூப் இரவல் வாங்கினார்.
5. சித்தப்பா சுவரில் மீன் வரைந்தார்.

இந்த வரிசையில்தான் நடந்தது. நான்காவதற்குப் பிறகு ஐந்தாவது எதற்கு என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்கு ஒன்பது வயது.

காரைக்குடியில் எங்கள் தெரு ஓர் ஊருணியில் போய் முடியும். ஊருணிக்கு முந்தைய கடைசி வீடு எங்களுடையது. அதை ஒட்டி, சென்னையில் இருக்கும் ஓர் ஆச்சியின் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு. அதன் நீண்ட சுவர் தெருவின் பாதியை எடுத்துக்கொள்ளும். அந்தச் சுவர் தாண்டினால் அத்தை வீடு. மகளைக் கூப்பிடு தூரத்தில் கட்டிக் கொடுத்தேன் என்பதில் அப்பாவின் அப்பாவான ஐயாவுக்குத் தீராத பெருமை. காலைக் காபி எங்கள் வீட்டில், பேப்பர் அத்தை வீட்டில் என்று தன் நாளையே பிரித்து வைத்திருந்தார். பள்ளி விட்டதும் என் பை இறங்குவதும் அத்தை வீட்டில்தான். திருப்பத்தூர் என்ற சொல்லைக் கேட்டாலே நான் எழுந்துபோய் அத்தையை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன்.

தண்ணீர் வருவதற்கான காரணம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆளுக்கு ஒன்றாக. ரோட்டு மேல் ரோடு போட்டதால் என்றார் அப்பா. ஊருணி நிரம்பி வழிவதால் என்றார்கள் எதிர் வீட்டில். ஊருணி பாதிகூட நிரம்பவில்லை என்பதை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"மோட்டாரும் போச்சு. அடுத்த தடவை கட்டில் மிதக்கும். அதோட நாங்க கெளம்பிர்றோம் மாமா" என்றார் மாமா, ஐயாவிடம்.

"பொறுங்க மாப்ள. மனு குடுத்திருக்கேன்ல."

"மூணு மனு ஆச்சு. தண்ணிக்குத்தான் படிக்கத் தெரியல."

அத்தை, தைக்கக் கொடுத்திருந்த ஊராரின் ஜாக்கெட் துணிகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

சித்தி வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளியில் இயற்பியல் டீச்சர். அங்கே நாள் முழுக்கப் பேசிவிட்டு வருவதாலோ என்னவோ, ஐயாவுக்கு முன்னால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். சித்தப்பா வேறொரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீளமான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பினார். எவ்வளவு தூரம் இழுத்தாலும் அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அத்தை வீட்டுச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கறையோடு ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வது என் வேலை. மறுமுனையைச் சித்தி எங்கள் வாசல் வரை கொண்டுபோனார். அங்கே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

திரும்பி வந்ததும், "தெரிஞ்சுச்சா சித்தி?" என்றேன்.

"இன்னும் நெறைய எடத்துல பாக்கணும்" என்றார்.

எனக்குக் கை கடுத்தது. சாயங்காலம் வரை ஆச்சி வீட்டுச் சுவர் நெடுக அடிக்கு அடி புள்ளி வைத்தார். சித்தப்பா, சுண்ணாம்பில் சொட்டு நீலம் கலந்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தார். அத்தை வீட்டில் என் முழங்கால் உயரத்தில் தொடங்கிய கோடு, ஊருணிப் பக்கம் வர வர என் நெஞ்சு வரை ஏறியது.

"சித்தப்பா, கோணலாப் போகுது. மேல ஏறுது."

"கோடு ஏறலடி. தரை எறங்குது."

நான் நம்பவில்லை. காம்பஸ் இல்லாமல் வட்டம் போடுகிற மனிதர் ஒரு நேர்கோட்டில் இப்படிச் சறுக்கிவிட்டாரே, நாளைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் இந்த வழியாக வருவார்களே என்று கவலைப்பட்டேன்.

"கோட்டுக்குக் கீழ மீன் போடுங்க. அதுக்குள்ள அடங்குற மாதிரி" என்றார் சித்தி.

அத்தை வீட்டுப் பக்கம் விரல் நீள மீன்கள். போகப் போகப் பெருத்து, கடைசியில் என்னளவுக்கு ஒரு கெண்டை. இருட்டுவதற்குள் தெருவே கூடிவிட்டது. வெறும் கோட்டைப் பார்க்க ஐயா வந்திருக்க மாட்டார். மீனைப் பார்க்க, தோளில் துண்டோடு வந்தார். அத்தை வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"இது வெரால். இது கெண்டை. கெளுத்தி எங்கடா? மீசை வரையச் சோம்பேறித்தனமா?"

கூட்டம் சிரித்தது. சுவர் முடிந்து எங்கள் வாசல் வந்தது. நீலக் கோடு எங்கள் சிமென்ட் மேட்டின் விளிம்பில் வந்து முட்டி நின்றது.

"நம்ம வாசல்ல ஏன் ஒண்ணையும் காணோம்?"

"எடமில்லையேப்பா. கோடு தரையிலயே முட்டுது" என்றார் சித்தப்பா, தூரிகையைக் கழுவியபடி.

சித்தப்பா கல்யாணத்தில் பெண் வரும் கார் வாசல்படி வரை ஏற வேண்டும் என்று, தெருவோர வாய்க்காலை மூடி ஐயாவே பக்கத்தில் நின்று போடவைத்த மேடு அது. பாதித் தெரு வரை வந்து, ரோட்டு மேல் ரோடு போட்டு உயர்ந்திருந்த மறுபாதியோடு சேர்ந்திருந்தது. ஐயா குனிந்து அதன் விளிம்பில் கை வைத்தார். நிமிர்ந்து, வந்த வழியே மீன்களை ஒருமுறை பார்த்தார். கோட்டின் அந்தக் கோடியில் மகள் வீடு இருந்தது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணந்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே" என்றார் ஐயா. "இனி இங்குட்டுக் கார் ஏறி என்ன ஆகப் போகுது? கொத்தனாரைக் காலையில வரச் சொல்லு."

மேட்டை உடைத்தபோது, தண்ணீருக்கென்று அடியில் விட்டிருந்த குழாய் தெரிந்தது. என் கை நுழையும் அகலம். அதிலும் மண்.

அடுத்த வாரமே பெரிய மழை. மாமா பாய் தலையணைகளை மூட்டையாகக் கட்டிக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் குடையோடு வாசலில் நின்றார். தண்ணீர் வந்தது. படியைத் தொட்டது. பிறகு சுவரை ஒட்டித் திரும்பி, எங்கள் வாசலைக் கடந்து, ஊருணியில் சத்தமாக விழுந்தது.

"எல்லா மீனும் தண்ணியோட கெளம்பிருச்சு. நாம இருந்துக்கிருவோம்" என்று சொல்லி மாமா மூட்டையை அவிழ்த்தார்.

இன்று நான் மழைநீர் வடிகால் திட்டமிடும் வேலையில் இருக்கிறேன். பத்து நாள் மழை ஒரே மதியத்தில் கொட்டும் காலம் இது; அந்த மதியத்துக்கும் ஊர்களில் வழிவிட வேண்டும். அன்றைய அடைப்பைக் கண்டுபிடிக்க இரண்டே புள்ளிகள் போதும்: சுவரின் கறை, எங்கள் வாசல் விளிம்பு. இரண்டும் ஒரே மட்டம் என்பது சித்திக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மற்ற புள்ளிகள் எல்லாம் ஐயாவுக்காக. தான் வந்து இறங்குவதற்காகப் போட்ட மேடுதான் மாமனாரின் மகளை ஊரைவிட்டு அனுப்பப் போகிறது என்று ஒரு மருமகள் எப்படிச் சொல்வது என்பது அளவு எடுப்பதைவிடக் கடினமான கணக்கு. டியூபின் ஒரு முனையைப் பிடித்திருந்த எனக்கு இது தெரியவில்லை.

"அன்னைக்கே நேராச் சொல்லியிருக்கலாமே சித்தி?" என்று சென்ற மாதம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஒங்க ஐயா நாலாவது மனு எழுதியிருப்பாக."

அத்தை அதே வீட்டில்தான் இருக்கிறார். அதன் பிறகு தண்ணீர் உள்ளே வரவில்லை.