வேலி பிரித்த ஊரிலிருந்து வந்த எங்கள் அண்ணி

எங்கள் அண்ணி கண்மூடி ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவுகள் பலருக்கு அவருடைய முகம் தெரியும், பிறந்த ஊர் தெரியாது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்ணி மெக்சிகோவின் வட எல்லையிலுள்ள நோகாலெஸில் பிறந்தவர். உயர்ந்த இரும்புத் தூண்களாலான எல்லை வேலி அவ்வூரை ஒட்டி ஓடுகிறது. வேலிக்கு அப்பால், அமெரிக்காவில், அதே பெயரில் இன்னோர் ஊர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்து இரண்டு பெண்களையும் வளர்த்தார். தங்கை வேலை தேடி வேலிக்கு அப்பால் போய், விசா இல்லாமல் அங்கேயே குடும்பமாகிவிட்டார். ஒருமுறை திரும்பி வந்தால் பிள்ளைகளிடம் மறுபடி போக வழியில்லை.

2009இல் சுவிஸின் டாவோஸில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலைக்கு வந்திருந்த அண்ணியை அண்ணா சந்தித்தார். கலியாணப் பேச்சை எடுத்ததும் அம்மா சாப்பாட்டை விட்டார். அண்ணி நேரே வீட்டுக்கு வந்து, பாடமாக்கி வைத்திருந்த ஒரே தமிழ் வசனத்தைச் சொன்னார்.

"அம்மா, நான் உங்களிட்டைத்தான் வந்திருக்கிறன்."

அம்மா அழுதுகொண்டே அவருக்குச் சோறு போட்டார்.

பிறகு பாசலில் குடியேறினோம். கோயிலில் யாராவது, "பிள்ளை இந்தியாவோ?" என்பார்கள். அதற்குள் தமிழ் நன்றாகப் பழகிவிட்டிருந்த அண்ணி சிரிப்பார்.

"எங்கட நாட்டிலை தெற்குப் பக்கம் போனா என்னை அமெரிக்கக்காரி எண்டு சொல்லுவினம். வேலிக்கு அங்காலை மெக்சிகோக்காரி. இஞ்சை வந்து இந்தியாக்காரியும் ஆகிட்டன்."

வீட்டுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு இருக்காது.

அவருடைய தாயார் இறந்தபோது நானும் கூடப் போனேன். தங்கையால் வர முடியவில்லை. அண்ணி ஊரவரிடம் கேட்டு, சவப்பெட்டியை வேலியோரத் தெருவால் கொண்டுபோகச் செய்தார். தங்கை மறுபக்கம் நின்றார். தூண்களுக்கிடையே கையை நீட்டியும் பெட்டியின் மூலையை மட்டுமே தொட முடிந்தது. முகத்தைக் காட்டச் சொல்லிக் கத்தினார். மூடியைத் திறந்து பெட்டியைச் சற்றுச் சரித்துப் பிடித்தார்கள். அண்ணி தாயின் தலையைத் தன் இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு நின்றார். காவலர் வந்து போகச் சொல்லும்வரை நின்றார்.

திரும்பி வரும்போது என்னிடம் சொன்னார்: "மச்சாள், உங்கட ஆக்கள் சண்டைக்காலத்திலை இலங்கையிலை நடந்த செத்தவீட்டுக்குப் போகேலாமல் சுவிஸிலையிருந்து அழுதவை எண்டு இவர் முதல்நாள் சொல்லேக்கையே எனக்கு விளங்கினது. அதாலைதான் இந்த வீட்டுக்கு வந்தனான்."

புற்றுநோய் கண்டபின் அண்ணி அதிக காலம் இருக்கவில்லை. கடைசி நாட்களில், மருந்து மயக்கத்தில் ஒன்றையே கேட்டார்.

"தங்கச்சி வாறாவோ?"

"ஓம் பிள்ளை, வாறா. வழியிலை நிக்கிறா," என்றார் அம்மா. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

வைத்தியசாலைத் தாதியருக்கும், முறைவைத்துச் சமைத்துத் தந்த அயலவருக்கும், தூர இடங்களிலிருந்து ரயிலேறி வந்து தோள்கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

அண்ணியின் தங்கைக்கும் நன்றி சொல்ல வேண்டும். தகனக் கிரியைகளைத் தொலைபேசி வழியாக அவருக்குக் காட்டினோம். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போகும் உடுப்போடு இருந்தார். கிரியைகள் நீளும், இருந்துகொள்ளுங்கள் என்று அண்ணா சொன்னார். நாங்கள் எல்லோரும் கதிரைகளில் இருந்தோம். அவர் மட்டும் கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார்.