துவைக்கிற கல்லில் வைத்த பொங்கல்

பண்டிகைகளை எல்லோரும் சாமியை வைத்துத் தரம் பிரிப்பார்கள். நான் முதுகை வைத்துப் பிரிப்பேன். ஆடி முதல் தேதி எனக்கு ரொம்பப் பிடித்த நாள். தேங்காய்க்குள் அவலும் வெல்லமும் எள்ளும் திணித்து, நீளக் குச்சியில் செருகி, நின்றபடியே நெருப்பில் காட்டினால் போதும், முதுகு ஒரு வார்த்தை பேசாது. தீபாவளி நடுத்தரம். முறுக்கு சுடும்போது நடுநடுவே எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்துகொள்ளலாம், எண்ணெய் காத்திருக்கும். பொங்கல்தான் என் பரம எதிரி. வாசலில் தரையோடு தரையாக மூன்று கல், அதன்மேல் பானை, பானைக்கு முன்னால் குத்தவைத்து நான். பால் யாருக்காகவும் காத்திருக்காது.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் இடுப்பில் ஒரு வலி வந்து குடியேறியது. ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்தவர்களைப் போகச் சொல்லி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. அதுவும் போகவில்லை. எழுபதுகளின் நடுவில், நாமக்கல்லில் ஒரு டாக்டர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, இனிமேல் குனியக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது, நாற்காலியில்கூட நெடுநேரம் உட்காரக் கூடாது என்றார். புதுச்சத்திரத்துப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கும் பெண்ணிடம் இப்படிச் சொல்கிறார். வாசல் கூட்டுவது, கோலம் போடுவது, பால் கறப்பது, மாவாட்டுவது எல்லாமே எங்களுக்குத் தரையில்தான் நடக்கிறது. உங்கள் வீட்டில் யாருங்க சமைக்கிறது என்று அவரைக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டார்.

"பின் பட்டை போயிருச்சு அம்மணி. லோடு ஏத்தாம மெதுவா ஓட்டிக்க" என்றார், லாரியில் பாரம் தாங்கும் வில்லுப் பட்டையைச் சொல்வது போல.

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த நடைக்குப் போவதற்கு முன்னால் செங்கல் அடுக்கி மண் பூசி, சமையலறை அடுப்பை என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதனால் வருசத்தில் முந்நூற்றுச் சொச்ச நாள் நின்றே சமைத்தேன். மிச்சமிருந்தது பொங்கல். அதை வீட்டுக்குள் வைக்க முடியாது, சூரியன் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு பொங்கலன்றுதான் என் மானம் போனது. வெண்பொங்கலை இறக்கியாயிற்று, சர்க்கரைப் பொங்கலை இறக்கியாயிற்று, எல்லோரும் சாமி கும்பிட்டு எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை. அடைக் கோழி மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் பக்தி என்று நினைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் நங்கை ஒரு பக்கமுமாகக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

நங்கை என்பது அவருடைய அக்கா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். மோகனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் மாமியார் போன பிறகு, ஒவ்வொரு பொங்கலுக்கும் காலையிலேயே வந்து நின்று, கோலம் கோணலா, பச்சரிசியில் கல் இருக்கிறதா, அரசாணிக்காய் என்கிற பரங்கிக்காய் முற்றலா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னார்.

"வார வருசம் நான் பான வெச்சுக்கறேன் கண்ணு. உனக்கொரு மடக்கு நாக்காலி போட்டுர்றோம், உக்காந்து பாத்துக்க."

"செரிங் நங்கை" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். பொங்கல் பானையை எவள் வைக்கிறாளோ அவள்தான் அந்த வீட்டுக்காரி. பானை கை மாறிவிட்டால் அப்புறம் நான் யார்? மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பொங்கல் பார்க்கிறவள், ஊட்டுக்கு வந்த ஒறம்பரை. அது மட்டும் நடக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அந்த நாற்காலியை ஒளித்து வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

வழி காட்டியது சாமியோ டாக்டரோ இல்லை, துவைக்கிற கல்தான். கிணற்றடியில் இரண்டு தூண்மேல் கிடத்திய பெரிய கல். வெயில் ஏறிய பிறகு அதில் இடுப்பைச் சாய்த்து நின்றால் அந்தச் சூடு தைலத்தைவிடச் சுகமாக இருக்கும். துணி நனைந்து கிடக்க, நான் கல்லில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பது தினப்படி நடப்பது. மார்கழியில் ஒரு நாள் அப்படி நின்றபோதுதான் உறைத்தது. இடுப்பு உயரம். மேலே கூரையில்லை. சூரியன் நேராகப் பார்க்கிறான்.

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டும் நாளன்று, கல்லை நாலு தடவை கழுவினேன். வெறும் கல்லில் தீ மூட்டினால் வெடிக்கும் என்று செம்மண்ணை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, சாணி போட்டு மெழுகி, மஞ்சள் தெளித்து, மூன்று செங்கல் வைத்தேன். கோலத்தையும் நின்றபடியே போட்டேன், என் ஆயுசில் முதல் தடவையாக.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். துவைக்கிற தண்ணீர் தென்னைக்குப் பாய வேண்டும் என்று அந்தக் கல்லைக் கிழக்கே சற்றுச் சரித்துப் போட்டிருந்தார்கள். மண் பரப்பும்போது அந்தச் சரிவை நான் முழுதும் நிரவியிருக்கலாம். நிரவவில்லை. பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று சகுனம் பார்ப்பதில் நங்கை கெட்டிக்காரி. கிழக்கே வழிந்தால் நல்லது. சாமிக்கு நம்மால் ஆன உதவி.

மறுநாள் நங்கை வந்தார். நேராக வாசலுக்குப் போனார், அங்கே அடுப்புக்குக் கல் கூட்டியிருக்கவில்லை. கிணற்றடிக்கு வந்தார், பார்த்தார், முகம் மாறியது.

"துணி தொவைக்கற கல்லுலயா சாமிக்குப் பொங்க வெப்பாங்க?"

"நாலு வாட்டி கழுவியாச்சுங் நங்கை. சாணி போட்டு மொழுகியாச்சுங்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கரும்பைத் தோளில் சாத்தியபடி வந்தவர், "சூரியனுக்கு ரெண்டடி கிட்டத்துலதான அக்கா இருக்குது. அவருக்கும் சௌகரியம்" என்றார்.

நங்கை சிரிக்கவில்லை. கையோடு மடக்கு நாற்காலியை எடுத்துவந்து கல்லுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டார். நான் அதைப் பார்க்காத மாதிரி தீ மூட்டினேன். பால் ஏறியது. வடக்கே ஒரு நுரை எட்டிப் பார்த்தது, மனசு மாறிக் கிழக்கே வழிந்தது. பிள்ளைகள் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். நங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்?

அடுத்த பானையில் சர்க்கரைப் பொங்கல். வெல்லம் போட்டுக் கிண்ட ஆரம்பித்தேன். நங்கை என் தோளை ஒட்டி வந்து நின்றார்.

"கரண்டியக் குடு கண்ணு."

வந்துவிட்டது என்று நினைத்தேன். "இருக்கட்டுங் நங்கை, நானே கிண்டிக்கறனுங்."

"குடு சாமி" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "ஒரு வாட்டி நின்னுட்டுக் கிண்டிப் பாக்கறேன். எனக்கு முட்டி மடங்கறதில்ல அம்மணி, ஏழெட்டு வருசமாச்சு. உக்காந்தா எந்திரிக்கறதுக்குள்ள உசுரு போயி உசுரு வருது. ஆருகிட்டச் சொல்றது?"

கரண்டியைப் பிடித்திருந்த என் கை நின்றுவிட்டது. அந்த முட்டியை வைத்துக்கொண்டா வார வருசம் நான் பானை வைக்கிறேன் என்று சொன்னார்? என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் தரையில் உட்காரப் போனாரா? வருசம் முழுக்க அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக எதிரே அடுப்பு இருந்தது.

கரண்டியைக் கொடுத்தேன். நங்கை கல்லில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு ஒரு சுற்றுக் கிண்டினார், இரண்டு சுற்றுக் கிண்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, என்ன சொகமா இருக்குதுடி" என்றார்.

முந்திரி போட்டார், நெய் ஊற்றினார், தீயைக் குறைக்கச் சொன்னார், கூட்டச் சொன்னார். கரண்டி திரும்பி வருகிற மாதிரித் தெரியவில்லை. நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னது சரிதான், நாற்காலி என் முதுகுக்கு ஆகவே ஆகாது. கொஞ்ச நேரத்திலேயே இடுப்பு பிடுங்க ஆரம்பித்தது. ஆனாலும் நங்கை கிண்டி முடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.