திரையில் மழை இல்லை

மலைச்சரிவுகளில் பெய்யும் மழையை அளந்து, மண் சரியும் ஆபத்து வந்தால் கிராமத்துச் சைரனை ஒலிக்கவைக்கும் மென்பொருள் அது. கட்டியவன் என்னோடு கெம்பஸில் படித்த நண்பன், மாத்தளை டவுன்காரன். பாவனைக்கு விடுமுன் அதன் கட்டமைப்பை நம்பலாமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அலுவிகாரையில் அவனுடைய அலுவலகப் படியேறும்போதே, இதற்கு வேறு யாராவது வந்திருக்கலாம் என்று பட்டது.

பலகையில் அழகாக வரைந்து வைத்திருந்தான். ஒரு சேர்வர் விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் மலையில் மழையை அளக்கும் கருவிகள் அனுப்பும் அளவுகளெல்லாம் ஒரே ஒரு சிறிய புரோகிராம் வழியாகத்தான் இரண்டு சேர்வருக்கும் போயின.

"இது நின்னுபோனா என்னாகும் மச்சான்?"

"நிக்காது."

"நின்னா?"

"நிக்காதுண்டு செல்றேன் தானே!"

இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரச அதிகாரி எங்களோடு உட்கார்ந்திருந்தார். "நிப்பாட்டித்தான் பாருங்கோவன்," என்றார்.

நண்பன் என்னைப் பார்க்காமல் கீபோர்டை என் பக்கம் தள்ளினான். நிறுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பயங்கரம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரைத்தகரத்தில் விழும் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. பல்லேகமப் பக்கத்துக் கருவிகளின் கடைசி அளவுகள் திரையில் அப்படியே உறைந்து நின்றன. எல்லா இடமும் பச்சை. தகவல் வராததை அது ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொண்டது. நாங்கள் மூவரும் அந்தப் பச்சையைப் பார்த்தபடி இருந்தோம்.

"அடுத்த கிழமை தொடங்கோணும். மேலிடத்துக்குச் சொல்லியாச்சு," என்றார் அதிகாரி. "பிறகு திருத்தேலாதோ?"

என் பதில் என்னவென்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவன் கம்பனிக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். வாயைத் திறப்பதற்குள் அவனே எழுந்தான்.

"தொடங்க வேணாம் சேர். இத நம்பி ஆக்கள் தூங்குவாங்க."

சொல்லிவிட்டு வெளியே போனான். நான் பின்னால் போகவில்லை.

தொடக்கம் தள்ளிப்போனது. தகவல் நின்றாலே எச்சரிக்கை வரும்படி எல்லாவற்றையும் பிரித்துக் கட்டினான். திரும்பவும் சோதித்தேன். இம்முறை திரை சிவந்தது. சரி என்று எழுதிக்கொடுத்தேன்.

அடுத்த பெருமழையில் கரண்ட் போய், மலையில் ஒரு கருவி பேச்சில்லாமல் போனது. உடனே எச்சரிக்கை வந்தது. அதிகாரி போன் போட்டு, அடிவாரத்து வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். மலை சரியவில்லை. வீணாக அலைக்கழித்ததாகச் சிலர் ஏசினார்களாம். கேட்டபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

நானும் அவனும் இன்றும் சேர்ந்து சாப்பிடப் போகிறோம். ஆனால் தான் கட்டுவதைச் சோதிக்க இப்போது வேறொருவரைத்தான் அழைக்கிறான். ஏன் என்று நான் கேட்டதில்லை.