கையில தூக்கிப் பாத்து வாங்கினது

என் மேல வந்து விழுந்த லேப்டாப்போட எடை ரெண்டு கிலோ அறுநூறு கிராம். எறிஞ்சவன் எங்கண்ணன். எடை சொன்னதும் அவந்தான், வாங்கின அன்னைக்கே சொன்னான். அவனுக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல காய்கறிக் கமிஷன் கடை. கத்திரிக்காயோ முருங்கைக்காயோ, கையில தூக்கினாப் போதும், பத்து கிராம் முன்னப்பின்ன இல்லாம எடை சொல்லிருவான். தராசு அதுக்கப்புறம் ஒப்புக்குத்தான்.

அன்னைக்கு நான் வீட்டு முன்கட்டு பட்டாசல்ல உக்காந்து மத்தியானச் சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். வாசல்ல பைக்க நிறுத்தின வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு, இன்னைக்கு எனக்கு இருக்குன்னு.

"ஏட்டி, குத்தாலத்துல ஆம்பளையளோட நின்னு டீ குடிச்சியாமே?"

கட்டட வேலை நடக்கிற எடத்துல கொத்தனாரு, சித்தாளு, எங்க இஞ்சினியர் சார் எல்லாரும் குடிச்சாங்க, நானும் குடிச்சேன். அதைப் பையச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா கெடக்காதே. "ஆமா, குடிச்சேன். ரெண்டு வடையும் தின்னேன். அதையும் சேத்துச் சொன்னானா அந்தக் கோள்மூட்டிப் பய?"ன்னேன்.

மேசையில இருந்த லேப்டாப்ப அப்படியே மூடினான், ரெண்டு கையாலயும் தூக்கி எறிஞ்சான். அதோட மூலை எடது பக்கம் என் கழுத்துக்குக் கீழ காறை எலும்புல வந்து எறங்குச்சு. காஞ்ச முருங்கைக் குச்சிய ஒடிச்ச மாதிரி ஒரு சத்தம், எனக்கு உள்ளுக்குள்ளயே கேட்டுது. தட்டு கவுந்து ரசமெல்லாம் மடியில. நான் போட்ட கூப்பாட்டுல தெருவே வாசலுக்கு வந்துட்டு. அம்மா அடுக்களையில இருந்து ஓடி வந்தவ, மொதல்ல குனிஞ்சு தரையில கெடந்த தட்டத்தான் எடுத்தா. பிளாஸ்டிக் தட்டு. அதுக்கு ஒண்ணும் ஆகல.

அந்த லேப்டாப்ப எனக்கு வாங்கித் தந்ததும் அண்ணந்தான். நான் கட்டடப் பிளான் வரையப் படிச்சு முடிச்ச வருசம். கடையில வரிசையா வச்சிருந்ததை ஒண்ணொண்ணாக் கையில தூக்கிப் பாத்தான். லேசா இருந்ததையெல்லாம் "பதரு"ன்னு ஒதுக்கிட்டான். இருக்கதுலயே கனமானதை எடுத்து, "இதுலதான் சரக்கு இருக்கு, ரெண்டு அறுநூறு வருது"ன்னு காசக் கட்டினான். கடைக்காரனுக்குச் சிரிப்பை அடக்க முடியல. ஆனா மெசினு மோசமில்ல, அதையும் சொல்லணும். நாலு மாடி வீட்டோட த்ரீடி படத்தையும் மூச்சு வாங்காம இழுத்துச்சு. என்ன, சார்ஜரே ஒரு செங்கல்லு. தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஏறினா, பை எறங்கினப்புறமும் அந்த எடம் செவந்து தடிச்சுப் போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில டாக்டர் எப்படி அடிபட்டுதுன்னு கேட்டாரு. "பரணுல இருந்து பெட்டி விழுந்துட்டு சார்"னு அம்மா பட்டுன்னு சொன்னா. யோசிக்கக்கூட இல்ல, அம்புட்டுப் பழக்கம். அண்ணன் சீட்டு வாங்குற வரிசையில நிக்கான். தங்கச்சி வலி தாங்க மாட்டான்னு முன்னால நின்ன ரெண்டு பேரோட சண்டை போட்டு எடம் பிடிச்சிருக்கான். கண்ணு ரெண்டும் கலங்கிப் போயிருக்கு. அடிச்சதும் அவந்தான், அழுததும் அவந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒடிஞ்ச பக்கத்துக் கையாலயே ஒண்ணு வைக்கணும்போல இருந்துச்சு.

கட்டு பிரிச்ச அன்னைக்கு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு. ஆறு மாசத்துக்கு எடது தோள்ல ஒன்றரைக் கிலோவுக்கு மேல எதையும் மாட்டக் கூடாது. அந்தப் பழைய மெசினும் செத்துப்போச்சு, ஸ்கிரீனு ரெண்டாக் கீறி, ஓரமெல்லாம் நசுங்கி.

எனக்கு வந்த கவலை எலும்பைப் பத்தி இல்ல. எங்க சார் குத்தாலத்துல ஐந்தருவி ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய லாட்ஜ் எடுத்துக் கட்டுதாரு. அங்கனயே முழுநாளும் நின்னு, சுவரு தள்ளினா பிளான உடனே மாத்திக் குடுக்க ஒரு ஆளு வேணும், அதுக்கு நீ வான்னு என்னைக் கேட்டிருந்தாரு. அந்தச் சம்பளத்துல ஒரு ரூம் எடுத்துத் தனியாப் போயிரலாம். முப்பத்திரெண்டு வயசுக்கு அந்த வீட்ட விட்டு வெளிய போக எனக்குக் கெடச்ச ஒரே வழி அது. "தோள் சரியானதும் உன் மெசினோட வந்துரும்மா. ஆவணி ஒண்ணு வரைக்கும் எடத்தை வச்சிருக்கேன், அதுக்கு மேல என் கையில இல்ல"ன்னு சொல்லிட்டாரு. வலது தோள்ல மாட்டிக்கிட்டுப் போயேன்னு நீங்க கேப்பீங்க. கட்டிக்கிட்டு இருக்க லாட்ஜுல கைப்பிடி இல்லாத படி, விடாம சாரல் அடிச்சுப் பாசி பிடிச்சுக் கெடக்கு. வலது கை எதையாவது பிடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் மேல ஏற முடியும்.

எங்க வீட்டப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அங்க கோவம் வந்தா கையில கெடச்சது பறக்கும். அப்பா இருந்த காலத்துல செம்பு பறந்துச்சு, சோத்துப்பானை பறந்துச்சு, ஒரு தீவாளிக்கு எண்ணெச் சட்டியே பறந்துச்சு. அப்பா போனதும் அண்ணன் கைக்கு வந்துட்டு அந்த வேலை. நானும் ஒண்ணும் சளைச்சவ இல்ல, பன்னெண்டு வயசுல அவன் காதக் கடிச்சு ரெண்டு தையல் போட வச்சவதான். சீசனுக்கு ஊரு ஊரா வேன் பிடிச்சுக் குத்தாலத்துக்கு வந்து, அருவியில முதுகக் குடுத்து அடி வாங்கிட்டு, சொகமா இருக்குன்னு போறாங்க. எங்க வீட்டுல அது வருசம் முழுக்கச் சும்மாவே கெடச்சுது.

அம்மா மட்டும் எதையும் எறிய மாட்டா. ஆனா அவ கஞ்சத்தனம் எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணத்துக்குக் கொண்டாந்த பித்தளைக் கொடத்தையும் வெங்கலப் பானையையும் ஒண்ணொண்ணா வித்துட்டு, வீடு முழுக்க பிளாஸ்டிக்க வாங்கி நெரப்பிட்டா. கூடப் படிச்ச பிள்ளைய வீட்டுல எவர்சில்வர் ஏனம் அலமாரி நெறையப் பளபளன்னு இருக்கும். எங்க வீட்டுக்கு ஒருத்தியக் கூட்டிட்டு வர எனக்கு மானம் போகும்.

ஆடிக் கடைசியில என் ரெண்டு தங்க வளையலையும் வித்துட்டு லேப்டாப் வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கிட்ட, சவூதியில இருந்துட்டு வந்த அண்ணாச்சி ஒருத்தர் கடை. என்ன வேலைக்குன்னு கேட்டுட்டு மூணு லேப்டாப்ப முன்னால வச்சாரு. நான் லாட்ஜ் பிளான பென்டிரைவுல கொண்டு போயிருந்தேன். மூணுலயும் போட்டுக் காட்டுங்கன்னு உக்காந்துட்டேன்.

மொதல்ல வச்சது ரெண்டேகால் கிலோ. த்ரீடி படத்தை எந்தப் பக்கம் சுத்தினாலும் வழுக்கிக்கிட்டுப் போவுது. வெலையும் மூணுல அதுதான் கம்மி. கண்ணு அதுலயே நிக்கு, தோளு வேண்டாங்குது. ரெண்டாவது ஒரு கிலோகூட வராது. ஒரு நோட்டு மாதிரி அம்புட்டு அழகு. வெல லட்சத்தத் தாண்டுது, ஸ்கிரீனு சின்னது, கதவு எது ஜன்னல் எதுன்னு தெரிய மூக்கை உள்ள கொண்டு போவணும். மூணாவது ஒண்ணே கால் கிலோ. சார்ஜரு செல்போன் சார்ஜர் கணக்கா இருக்கு, சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்கும்னாரு. பிளான் நல்லா வருது. த்ரீடியச் சுத்தினா மட்டும் முக்குது, ஃபேன் கத்துது, அடிப்பக்கம் தோசைக்கல்லாக் கொதிக்குது.

"இதுல அப்புறமா ஒண்ணும் கூட்ட முடியாதும்மா. மெமரிய உள்ளயே ஒட்டிட்டான், வாங்கும்போது இருக்கதுதான்"னாரு அண்ணாச்சி. "கனத்தைக் கொறைச்சா ஒண்ணு காசு ஏறும், இல்ல பவரு எறங்கும். மூணும் ஒண்ணா அமையாது."

"எங்கண்ணன் கடையில எடை கொறைஞ்சா வெலையும் கொறையும் அண்ணாச்சி."

"அது வெண்டக்காம்மா"ன்னு சிரிச்சாரு.

த்ரீடிய சார் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம், சைட்டுக்கு இது போதும்னு முடிவு பண்ணினேன். மூடிட்டு கையில தூக்கிப் பாத்தேன். மேலயும் கீழயும் ரெண்டு தடவ அசைச்சேன். கட்டைவெரலால மூலையத் தடவினேன், கூர் இல்லாம உருண்டையா இருந்துச்சு. இதை எறிஞ்சா அம்புட்டு வலிக்காதுன்னு மனசுக்குள்ள ஓடுச்சு.

எனக்குப் பகீர்னுட்டு. டாக்டர் சொன்ன ஒன்றரைக் கிலோ, படி, பஸ்ஸு ஒண்ணும் அப்ப நெனப்புல இல்ல. இதே மாதிரி கை அசையிறத நான் எங்கயோ பாத்திருக்கேன். நான் சின்னப் பிள்ளையா இருக்கையில, தென்காசிப் பாத்திரக் கடையில அம்மா நிக்கா. ஒவ்வொரு தம்ளரையும் உள்ளங்கையில வச்சு அசைச்சுப் பாக்கா. கட்டைவெரலால விளிம்பைத் தடவுதா. கனமா இருக்கதையெல்லாம் திருப்பி வச்சுட்டு, இருக்கதுலயே லேசானத எடுக்கா. நான் அவ சேலையப் பிடிச்சு இழுத்து, நல்லதா வாங்கும்மான்னு அழுதுக்கிட்டு நிக்கேன். அவ எடது புருவத்துல இருக்க வெட்டு அப்பாவோட பித்தளைச் செம்பு போட்டது. அது எனக்குத் தெரிஞ்ச சங்கதிதான். ரெண்டையும் சேத்துப் பாக்க எனக்கு இம்புட்டு வயசாச்சு.

"என்னம்மா, பிடிக்கலையா?"ன்னாரு அண்ணாச்சி. கண்ணத் தொடச்சுக்கிட்டு, பில்லப் போடுங்கன்னேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் சாப்பிட வந்தான். என் கையப் பாத்தான். "வளையல் எங்கட்டி?"

மேசையில இருந்த புது லேப்டாப்பக் காட்டினேன். கல்யாணத்துக்குச் சேத்து வச்ச வளையல்னு ஆரம்பிச்சான். நாயே பேயேன்னு வஞ்சான். வஞ்சுக்கிட்டே அதைத் தூக்கினான், அப்பவும் பழக்கதோசத்துல கை எடை பாத்துட்டு. "ஒண்ணே கால் கிலோ. இந்த அப்பளத்துக்கா ரெண்டு வளையலையும் வித்த, மூதி?"ன்னு தலைக்கு மேல ஓங்கிட்டான்.

நான் எந்திரிச்சேன். பொறந்ததுல இருந்து மொத தடவையா அவன மரியாதையில்லாம 'லே' போட்டுக் கூப்பிட்டேன். "எறிலே! நல்லா எறி! நீ எறிஞ்சா எலும்பு ஒடியாததாப் பாத்துத்தாம்லே வாங்கிட்டு வந்திருக்கேன்!"

ஓங்கின கை அப்படியே நின்னுட்டு. அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. அதுக்குள்ள அம்மா அடுக்களையில இருந்து முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டே வந்தா. அவன் கையில இருந்து லேப்டாப்ப வாங்கினா. உள்ளங்கையில வச்சு மேலயும் கீழயும் அசைச்சா. கட்டைவெரலால மூலையத் தடவினா. தடவிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. "கனமே இல்லட்டி. மூலையும் மழுங்கலாத்தான் இருக்கு. நல்லதாப் பாத்து வாங்கியிருக்க"ன்னா.

காறை எலும்பு ஒடிஞ்சப்பகூட எனக்கு அப்படி வலிக்கல. என்ன செய்யுதோம்னு தெரியாம தண்ணிக் கொடத்தத் தூக்கி அடிச்சேன். தம்ளரு, தட்டு, வாளி, டப்பா, அலமாரியில கை பட்டதையெல்லாம் வாரி வீசினேன். எல்லாம் துள்ளித் துள்ளிப் போயி மூலையில விழுந்துச்சு. எல்லாமே பிளாஸ்டிக்கு, ஒண்ணுகூட ஒடையல. ஒடையிறதுக்கு அந்த வீட்டுல அம்மா ஒரு சாமானையும் மிச்சம் வைக்கல. மூச்சு வாங்கத் திரும்பிப் பாத்தா, அண்ணன் ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கிட்டுச் சுவரோட ஒண்டி நிக்கான். சின்ன வயசுல அப்பா எறியும்போது அப்படித்தான் நிப்பான். என் கையில ஒரு வாளி, தோளுக்கு மேல ஓங்கியிருக்கு. எனக்கு என்னையவே பாக்கப் பயமாயிட்டு. வாளியக் கீழ வச்சேன்.

அம்மா லேப்டாப்ப என் பையில வச்சு, எடது தோள்ல அவளே மாட்டிவிட்டா. அப்படியே எறங்கி வந்துட்டேன்.

இப்ப எனக்கு குத்தாலத்துக்குப் பக்கத்துல இலஞ்சியில ஒரு வீட்டு மாடியில ரூம். ஆவணி ஒண்ணாந்தேதி சைட்டுக்குப் போயிட்டேன், ஒரு நாளும் மொடங்கல. லேப்டாப்ப பாலித்தீன் கவர்ல சுத்தி, சாரலுக்குள்ள தூக்கிட்டுத் திரியுதேன். த்ரீடி போட்டா இன்னும் கொதிக்கத்தான் செய்யுது, சவம்.

மொத மாசச் சம்பளத்துல பாத்திரக் கடைக்குப் போயி, இருக்கதுலயே கனமான எவர்சில்வர் தம்ளரு ஒண்ணு வாங்கினேன். அந்த ஞாயித்துக்கிழமை அம்மா பஸ் ஏறி வந்தா. பிளாஸ்டிக் டப்பாவுல எலுமிச்சை ஊறுகாய். அந்தத் தம்ளர்ல காப்பி ஊத்திக் குடுத்தேன். வாங்கின கை அப்படியே எடை பாத்துது.

"எம்மா, என்ன கனம் கனக்கு!"ன்னா. கதவத் திரும்பிப் பாத்தா. "இங்கன வேற யாருட்டி இருக்கா?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

தம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுப் பையக் குடிச்சா. குடிச்சு முடிச்சும் கீழ வைக்கல, மடியிலயே வச்சிருந்தா.

"நான் வந்தாக் குடிக்க எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கி வையிட்டி"ன்னா.