ஐந்து வயது கூடுதல்

மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறும் சரோஜம்மா, உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் மாலாவின் தோளில் தலையைச் சாய்த்துவிடுவாள். குறட்டை வராது. பங்காரப்பேட்டை நெருங்கும்போது யாரோ தொட்டு எழுப்பியதுபோல் தானாக விழித்து, "இன்னா மா, தூங்கிட்டேனா?" என்று கேட்பாள். "இல்லக்கா" என்பாள் மாலா. பதினான்கு வருடமாக இதே கேள்வி, இதே பொய்.

இருவருக்கும் ஒயிட்பீல்டில் ஓர் ஆபீஸ் கட்டடத்தின் நாலாவது மாடியில் துப்புரவு வேலை. ஏழாவதோடு படிப்பை நிறுத்திய மாலா நாலு பேர் நடுவில் வாய் திறக்க மாட்டாள். லீவு கேட்பது, ரயில் தாமதமானால் சமாதானம் சொல்வது எல்லாம் சரோஜம்மாதான். "இவ ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள மாலூரே வந்துடும்" என்று பெட்டியில் உள்ளவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஹரிஷ்குமார் மாலாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தான். முதல் தேதியிலிருந்து புது ஏஜென்சி, புது யூனிபார்ம். தாளில் உள்ளவர்களுக்கு அளவெடுத்து எழுதித் தரவேண்டும். மாலா பெயர்களை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தாள்.

"சரோஜம்மாக்கா பேரு விட்டுப்போச்சு, சார்."

"விட்டுப்போகல. ஆதார்ல அம்பத்தஞ்சு தாண்டினவங்க வேணாம்னுட்டாங்க. அவங்களுக்கு அம்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை லிஸ்ட் போகுது, அப்பறம் மாத்த முடியாது. நீ வாய் திறக்க மாட்டேன்னுதான் உன்கிட்ட குடுத்தேன். விஷயம் வெளியே போச்சுன்னா உன் பேரும் இந்தத் தாள்ல இருக்காது."

மாலா தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். சரோஜம்மாவுக்கு ஐம்பத்தெட்டு இல்லை, ஐம்பத்துமூன்று. அது மாலாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த ஐந்து வருடத்தைக் கூட்டியவளே அவள்தான்.

ஆதார் எடுக்க முதன்முதலில் ஆட்கள் வந்தபோது இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். வயதை ஏற்றிச் சொன்னால் முதியோர் பென்ஷன் சீக்கிரம் வரும் என்று வரிசை முழுக்க ஒரே பேச்சு. தங்கச் சுரங்கம் மூடின ஊரில் பென்ஷன் என்ற சொல்லுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கம்ப்யூட்டர்காரர் பிறந்த வருடம் கேட்டதும் சரோஜம்மா திரும்பி மாலாவைப் பார்த்தாள். கணக்கு வேகமாக வரும் மாலா மனசுக்குள் ஐந்தைக் கழித்து, "ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அறுபத்தேழு" என்றாள். நாலு பேர் நடுவில் இன்னொருவருக்காக அவள் வாய் திறந்தது அந்த ஒருமுறைதான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் தோளில் அந்தத் தலை கிடந்தது. சொல்லிவிடலாம் என்று பங்காரப்பேட்டை வரை நினைப்பாள். பங்காரப்பேட்டை போய்விடும். வேலை போனால் தன் வீட்டிலும் அடுப்பெரியாது என்பதையும் அவள் நினைக்காமல் இல்லை.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்தாள். முடிந்ததும் டேப்பைச் சுருட்டினாள்.

"ஏன் மா, எனக்கு?" சரோஜம்மா கையை விரித்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். "என் இடுப்புக்கு டேப்பு பத்தாதுன்னு பயந்துகினு ஓடுறியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ரூபா, "இன்னொரு டேப்பு முடிச்சுப் போட்டு எடு மாலாக்கா" என்றாள்.

மாலா டேப்பை மறுபடி பிரித்தாள். தோள் எடுத்தாள், மார்பு எடுத்தாள், இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். குனிந்தபடியே மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, உங்க ஸ்கூல் சர்டிபிகேட்டு இருக்குதா?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சதுக்கா? பொட்டில கீது. இன்னாத்துக்கு, மாப்ள பாக்கப்போறியா? உங்க மாமன் சண்டைக்கு வருவாரு."

மறுபடியும் சிரிப்பு. எல்லோரும் மாலாவையே பார்த்தார்கள். 'நாளைக்கு எடுத்துட்டு வாங்க' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது.

"சும்மாதான் கேட்டேன்" என்றாள். எடுத்த அளவைத் தாளில் எழுதுவதுபோல் பென்சிலை அசைத்தாள். எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயிற்று.

திங்கட்கிழமை ஹரிஷ்குமார் சரோஜம்மாவையும் மற்ற மாடிகளைச் சேர்ந்த மூன்று பேரையும் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னான். மூன்று பேர் அழுதார்கள். சரோஜம்மா அழவில்லை.

"அது தப்பு சார். எனக்கு அம்பத்திமூணு. ஸ்கூல் சர்டிபிகேட்டே கீது. வேணும்னா மாலாவைக் கேளுங்க."

"போன வாரமே சொல்லியிருந்தா, அதக் காட்டிப் பேசிப் பாத்திருக்கலாம். மாலாவுக்குப் போன திங்கட்கிழமையே தெரியுமே" என்றான். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. சங்கடத்தில் வாய் தவறிவிட்டது.

சரோஜம்மா மாலா பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று மாலா காத்திருந்தாள்.

"தெரிஞ்சுகினா எனக்கு அளவெடுத்தே?"

சரோஜம்மா மாப்பை எடுத்துக்கொண்டு, பாதியில் விட்டிருந்த வராந்தாவைத் துடைக்கப் போனாள். மாதம் முடிய மிச்சமிருந்த நாட்களிலும் ஒரு மூலை விடாமல் துடைத்தாள். ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாள்.

நவம்பரில் மாலா ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனாள். சரோஜம்மா காபி கொடுத்தாள். கணவர் சிவலிங்கத்தின் மூச்சிரைப்பைப் பற்றியும், தெருவில் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசினாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'அறுபத்தேழுன்னு சொன்னது நான்தானே' என்று மாலா சொல்ல நினைத்துப் போயிருந்தாள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

நாலாவது மாடியில் இப்போது மாலூர்ப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். சரோஜம்மா முகூர்த்த நாட்களில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள், மற்ற நாட்களில் வேலை இல்லை. ஆதாரில் வருடத்தைத் திருத்தச் சர்டிபிகேட்டோடு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இன்னும் திருத்தி வரவில்லை. முதியோர் பென்ஷனுக்கான வயது அந்த அட்டையின்படிகூட அவளுக்கு இன்னும் ஆகவில்லை. மாலாவுக்கு வேலை இருக்கிறது.