கோடாரிச் சாமி

எங்கள் வீட்டுக்குப் பின்னால், வேலியோரமாக ஒரு சாமி இருக்கிறது. வெள்ளிக்கிழமையானால் அதற்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள், நானும் போய்க் கைகூப்பி நிற்கிறேன். அந்தச் சாமியைச் செய்தவன் நான்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது?

காரிமங்கலம் ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் வேலை. முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் அவ்வப்போது அருவாள் அடித்துத் தரச் சொல்லி வருவார்கள். சாமி முன்னால் நட்டு வைப்பதற்கு. அதற்கு நான் கூர் வைப்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. மரியாதையான பிழைப்பு. வயது ஐம்பதை நெருங்குகிறது. ஆனால் இந்த மனுஷன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஃபோனில் என்ன பார்க்கிறான் என்று என் வீட்டுக்காரியைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.

முதலில் பிடித்த பைத்தியம் காற்றுத் துப்பாக்கி. திருவிழாவில் பலூன் சுடுவோமே, அது இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு ராணுவமே தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தது. வெடிமருந்து கிடையாது, புகை கிடையாது. தோளில் முட்டுக்கொடுக்கிற பின்பகுதிதான் காற்றுக் குடுவை. கைப்பம்பை வைத்து ஆயிரம் தடவைக்கு மேல் அடித்துக் காற்றை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் குண்டு ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். எவனோ ஒரு வெள்ளைக்காரக் கிழவன் அந்தப் பித்தளையைத் துடைத்துத் துடைத்துக் காட்டுவான், நான் சோறு ஆறிப்போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். காலையிலிருந்து கிரைண்டர் சத்தத்தில் கிடக்கிறவனுக்கு, வெறும் காற்றுக்குள் இவ்வளவு பலத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இதையெல்லாம் பேசுவதற்கு எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். பக்கத்து வீட்டு அக்காவின் மகன். லாரி ஓட்டுகிறவன், கல்யாணமாகாதவன், என்னை மாமா என்று கூப்பிடுவான். வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இது என்னா மாமா பெரிய விஷயம். எங்க வண்டியில ஏர் டேங்க் இருக்குதே, அதேதான். காத்துதான் வண்டிய நிறுத்துது. காத்து இல்லைன்னா நாங்க இல்ல."

அந்தத் துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை என்று புரிந்த பிறகுதான் கோடாரிப் பக்கம் திரும்பினேன். அமெரிக்கப் பழங்குடிகள் வைத்திருந்த சின்னக் கோடாரி, தள்ளி நின்று எறிந்தால் சுழன்று போய் மரத்தில் குத்தி நிற்கும். இரும்பு என் கையில் இருக்கிற சமாச்சாரம்தானே. அந்த அக்கா மகன்தான் தொப்பூர் ரோட்டில் ஒரு லாரி ஷெட்டிலிருந்து உடைந்த ஸ்பிரிங் பட்டை கொண்டுவந்து கொடுத்தான். அதை வெட்டி, கரியில் காய்ச்சித் தட்டி, காம்பு நுழைய ஒரு துண்டு பைப்பை வைத்துப் பற்றவைத்து, எண்ணெயில் முக்கி எடுத்தேன். முதல் கோடாரி தலை கனத்துப்போய் மண்ணில் விழுந்தது. இரண்டாவதில் காம்பு நீளமாகிவிட்டது. மூன்றாவது நன்றாகக் குத்தியது.

குத்துவதற்கு, விழுந்து கிடந்த தென்னை மரத்தில் ஒரு துண்டை அறுத்து வேலியோரம் நட்டு வைத்தேன். குறி தெரிய வேண்டுமே என்று பட்டறையில் கம்பிக்கு அடிக்கிற செங்காவி நிற ரெட் ஆக்சைடை முன்பக்கம் பூராவும் பூசினேன். நடுவில் ஒரு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்டில் ஒரு வட்டம். இத்தனை வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தவனுக்கு, சிவப்பில் மஞ்சள் வைத்தால் அது என்னவாகும் என்று தோன்றவில்லை பாருங்கள். மூளை அமெரிக்காவில் இருந்தது.

யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போய் எறிவேன். யாராவது வருகிற சத்தம் கேட்டால் கோடாரியை லுங்கியில் மறைத்துக்கொண்டு வேலியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். ஒரு சாயங்காலம் கேட்டுக்கு அளவெடுக்க வரச்சொல்லி அவசரமாக ஆள் வந்துவிட்டார். கோடாரியைக் கட்டையில் குத்தியது குத்தியபடியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் போனால் கோடாரிக் காம்பில் பூ சுற்றியிருந்தது. கீழே ஒரு எலுமிச்சம்பழம், அணைந்த கற்பூரக் கரி.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குள் வந்து சொன்னேன். வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

"போயி மொதல்ல அத எடுத்துடுங்க. யாரோ பாவம், கும்புட்டுட்டுப் போயிருக்காங்க. வெளையாட்டா இது?"

எடுக்கிறேன் என்றேன். எடுப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா புல்லுக் கட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உங்க நெலத்துல முனியப்பன் வந்து நிக்கிறாருங்களே, பாத்தீங்களா? கையில கோடாரியோட. யாரு நட்டாங்கன்னு தெரியுமா?"

அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு சிரிப்போடு முடிந்துபோயிருக்கும். தாலி கட்டி பிள்ளை பெற்று தலை நரைத்த ஆள் கோடாரி எறிந்து விளையாடுகிறான் என்று ஊரில் நாலு பேர் நாலு நாள் பேசியிருப்பார்கள். அவ்வளவுதான். அதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, "தெரியலீங்கக்கா" என்றேன். வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காததுபோல் உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரமே தொப்பூர் இறக்கத்தில் அக்கா மகனுடைய லாரி பிரேக் பிடிக்காமல் போய்ப் பாறையில் மோதியது. இடுப்பிலும் தொடையிலும் எலும்பு முறிவு. தர்மபுரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எழுந்து நடப்பானா என்று கேட்டதற்கு, போகப் போகத்தான் தெரியும் என்றுதான் டாக்டர் சொன்னாராம். அக்காவுக்கு அவன் ஒரே பிள்ளை. புருஷன் போய் வெகுகாலமாகிறது.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா. "டேங்க்ல காத்து ஏறலையா, இல்ல வழியில எங்கயாவது லீக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரலில் இருந்த ஆர்வம் எனக்கே கேட்டது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ச்சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. பஸ் ஏறி வீடு வருகிற வரைக்கும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்கா பட்டறைக்கே வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"தம்பி, உங்க நெலத்து முனியப்பனுக்கு வேண்டிக்கிட்டு இருக்கறேன். பையன் காலு ஊனி நடந்துட்டா ஒரு கோடாரி சாத்தறேன்னு. அவரு கையில இருக்குதே, அதே மாதிரி. நீங்கதான் அடிச்சுக் குடுக்கணும்."

"அருவா அடிச்சுத் தர்றேங்கக்கா, அதான் வழக்கம்."

"வேணாம் தம்பி. மத்த எடத்துல அருவா. இவரு கோடாரிச் சாமி."

வாய் வரைக்கும் வந்தது. அக்கா, அது தென்னங்கட்டை, அது பெயின்ட், அது என்னுடைய விளையாட்டுச் சாமான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து கருத்துப்போன முகம், அந்தக் கட்டையைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் தெளிந்திருந்தது. சரிங்கக்கா என்றேன்.

மிஞ்சிக் கிடந்த ஸ்பிரிங் பட்டையில், அவன் கொண்டுவந்த அதே பட்டையில்தான், அதை அடித்தேன். இதில் ஏமாற்று வேலை இருக்கக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தலைக்கும் காம்புக்கும் எடை பார்த்துப் பார்த்து இழைத்தேன். வீட்டுக்காரிகூட எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பொறுப்பாத்தான் செய்யறீங்க" என்றாள். சாமிக்குச் செய்கிற சாமானுக்குக் கூர் வைக்காதவன் இதற்குக் கூர் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்குத் தெரியும். முடித்த கையோடு பட்டறையின் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு பழைய வேப்பங்கட்டை கிடந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை எறிந்தேன்.

அப்படி ஒரு எறி என் வாழ்க்கையில் அமைந்ததில்லை. சுழன்று போய் அலுங்காமல் நின்றது. மனசு பூரித்துப் போய்விட்டது. அங்கே ஒருவன் காலைத் தரையில் வைக்க முடியாமல் படுத்திருக்கிறான், அவன் அம்மா அவனுக்காக நேர்ந்துகொண்ட பொருளை எறிந்து பார்த்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு நிற்கிறேன். கட்டையிலிருந்து அதைப் பிடுங்கி, கழுவி, மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவன் நடந்தான். முதலில் வாக்கர், அப்புறம் ஒரு கைத்தடி. பொங்கல் வைக்கப்போகிறோம், வந்துவிடுங்கள் என்று அக்கா வந்து அழைத்துவிட்டுப் போனார். ஊரில் எவனுக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். பட்டை கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தானே. நடந்து வந்து, அந்தக் கட்டையைப் பார்த்து, "என்ன மாமா இது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவலி என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டுக்காரி விடவில்லை.

தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். கட்டையைப் பார்த்தான், அக்கா அதன் காலடியில் சாத்தியிருந்த புதுக் கோடாரியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். நான் கூனிக்குறுகி வேலிப் பக்கம் ஒதுங்கி நின்றேன். அக்கா, "கும்புடுடா" என்றார். அவன் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான். அக்கா பொங்கல் பானையை இறக்கப் போன பிறகு என் பக்கத்தில் வந்தான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?"

"இல்லப்பா. இன்னைக்குச் சொல்லிடறேன். எனக்கு ரொம்ப அசிங்கமா இருக்குது."

"சொல்லாதீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அன்னைக்கு ஒடம்பு சரியில்ல, லோடுக்குப் போவலன்னுதான் படுத்திருந்தேன். அம்மாதான் எழுப்பி அனுப்பிச்சு. ஆஸ்பத்திரியில தெனமும் அதையே சொல்லி அழுவும். இந்தக் கட்டையப் புடிச்சுக்கிட்டப்புறம்தான் அழுவறத நிறுத்திச்சு. உங்க அசிங்கத்த நீங்களே வெச்சுக்குங்க மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அம்மாவுக்கு இலை எடுத்துக் கொடுக்கத் தடியை ஊன்றிக்கொண்டு போனான்.

வைத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் அக்கா கூப்பிடுகிறார், போகிறேன். தென்னங்கட்டைக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்ததும் நான்தான். தீபாராதனை முடிந்ததும் அக்கா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "உங்க கை ராசியான கை, தம்பி" என்கிறார். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடினால் எந்தச் சாமியும் தெரிவதில்லை. இங்கிருந்து இன்னும் ரெண்டு எட்டு பின்னால் தள்ளி நின்றால் அக்கா சாத்திய அந்தக் கோடாரி மஞ்சள் வட்டத்தில் சரியாகப் போய்க் குத்தும் என்றுதான் தோன்றுகிறது. கூப்பிய கை அரிக்கிறது.