ரெண்டு குரோசு மார்க்

பரீட்சை எழுதும் முன்பே தன் மார்க்கை அச்சடித்து ஊரெல்லாம் விற்கவிட்ட மாணவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அச்சடித்தது அப்பா. ஆனாலும் அந்த எண்ணுக்குப் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியது நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. நான் விருதுநகரில் மிளகாய் வற்றல் மூட்டைகளை அடுக்கும் ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கி பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தேன். தவளையின் நரம்பு மண்டலத்தைத் தும்மாமல் படித்து முடித்ததாக ஞாபகமே இல்லை. இன்றும் வற்றல் நெடி மூக்கில் ஏறினால் கண் கலங்குகிறது. அதில் மிளகாயின் பங்கு எவ்வளவு, அந்த வயதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் படிப்புக்கு பி.யு.சி. மார்க்கும் அதற்குப் பிறகு ஒரு நேர்முகத் தேர்வும்தான் அன்றைய வாசல். என்னை அந்த வாசலுக்குத் தள்ளியதில் அப்பாவுக்குப் பெருமை ஆசை மட்டும் இல்லை. அதற்கு முந்தைய வருஷம், குச்சிக்கு மருந்து முக்கும் அறையில் குச்சிகள் செருகிய ஒரு மரச்சட்டம் பற்றிக்கொண்டு வேலையாள் ஒருவரின் கை வெந்துபோனது. தீப்புண்ணுக்கு அதுதான் கைவைத்தியம் என்று ஆளாளுக்கு ஓடி இங்க் புட்டியைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். டாக்டரிடம் கொண்டுசேர்ப்பதற்குள் பாதிப் பகல் போய்விட்டது. கை தப்பியது, இரண்டு விரல்கள் அதன் பிறகு மடங்கவில்லை. அப்பா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நம்ம வீட்டுல ஒரு டாக்டர் வேணும்லே" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டார்.

"எம்புட்டு எடுத்தா சீட்டு தருவாக?"

"மூணு பாடத்துக்கும் சேத்து முந்நூறுப்பா. எரநூத்தி நாப்பது எடுத்தா கெடைக்கலாம்னு சொல்றாங்க."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். தீப்பெட்டிக்காரருக்கு உலகம் குரோசில்தான் ஓடும். பன்னிரண்டு டஜன் ஒரு குரோசு, நூற்று நாற்பத்து நான்கு.

"அது என்னலே ஒடஞ்ச கணக்கு? ரெண்டு குரோசா முடிச்சிரு."

ரெண்டு குரோசு என்றால் இருநூற்று எண்பத்தெட்டு. என் அரையாண்டு மார்க் ஒரு குரோசையே தொடவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் குறிக்கோள் உயரமாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஏணி வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் போடவில்லை. "சரிப்பா" என்றேன்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் பெட்டியின் கிளி லேபிளை மாற்ற வேண்டும் என்று அப்பா வெகுநாளாய் நினைத்திருந்தார். ஊரில் கிளிகள் பெருத்துவிட்டன. அடுத்த மாதம் புது லேபிள் வந்தது. சிவப்பில் பெரிதாக 288. அதன் கீழே, கல்யாண மாலை மாதிரி ஸ்டெதஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு ஒரு டாக்டர். என் போட்டோவைப் பார்த்துத்தான் ஓவியர் வரைந்தாராம். எனக்கு முளைக்காத மீசையை அவரே கருணையோடு சேர்த்திருந்தார்.

பிறகு கம்பெனிப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. லேபிள் ஒட்டுகிற பெண்களில் ஒரு அக்கா இருந்தது. அதன் வாய்க்கு அப்பாவே பயப்படுவார்.

"சின்ன மொதலாளி, ஒரு குரோசாவது முடிச்சீகளா? நான் காலையில இருந்து அஞ்சு குரோசு ஒட்டிட்டேன்!"

"படிச்சிட்டுத்தான் இருக்கேங்க்கா."

"பாத்து சூதானமா படிங்க. பசை காயுறதுக்குள்ள முடிக்கணும்."

விருதுநகரிலும் தப்பிக்க வழியில்லை. டீக்கடையில் அந்தப் பெட்டிதான். கூடப் படித்தவர்கள் பீடி பற்றவைக்கும்போதெல்லாம், "டாக்டர், நெருப்பு இருக்கா?" என்பார்கள்.

கெமிஸ்ட்ரி செய்முறைத் தேர்வன்று ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்க மேஜையைத் தடவினேன். கையில் அகப்பட்டது 288. முதல் குச்சி உடைந்தது, இரண்டாவது அணைந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அருகில் வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். மீசை இல்லாததால் பிழைத்தேன்.

மார்க் தபாலில் வந்த அன்று அப்பா பண்டல்களை எண்ணிக்கொண்டிருந்தார். நூற்று ஐம்பத்தொன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"ஒரு குரோசு. ஏழு உதிரி" என்றார், சரக்கைச் சரிபார்க்கிற குரலில்.

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மருந்து முக்கும் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி பண்டலில் கைவைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஏதாவது பேச வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"அந்த லேபிளை மாத்திரலாமாப்பா?"

"எதுக்குலே? வடக்க இருந்து ஆர்டர் மேல ஆர்டர் வருது" என்றார் அப்பா. "நம்பரு மேல ஒரு குத்தமும் இல்ல."